கடலில் கலந்தால் வீணா?

மழைக்காலம் வந்தால் போதும், "காவிரித் தண்ணி வீணா கடல்ல கலக்குது"ன்னு ஒப்பாரி ஆரம்பிச்சுடும். டீக்கடை, டிவி, எங்க ஹாஸ்டல் மெஸ்... எங்கேயும் இதே பாட்டுதான். அந்த 'வீணா'ங்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

கோடியக்கரை போயிருக்கீங்களா? வேதாரண்யத்துக்குத் தெற்கே இருக்கிற முனை. 1967-ல் சரணாலயம் ஆச்சு. 2002-ல் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டிலேயே இதுதான் முதல். உள்ளங்கையில் அடங்குகிற கொசு உள்ளான், ஆர்க்டிக் பக்கத்திலிருந்து பறந்து வருது இங்கே! பூநாரைகள் அலகைத் தலைகீழா வெச்சு சேத்துத்தண்ணியை வடிகட்டித் தின்னும். பார்த்தா விட்டுட்டு வர மனசு வராது.

இதெல்லாம் எதை நம்பி வருது? கடல் தண்ணியும் ஆத்துத் தண்ணியும் கலக்கிற சதுப்பை நம்பித்தான். நீடாமங்கலம் பக்கம் வெண்ணாத்துலேர்ந்து பிரியுற கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டை காயலில்தான் போய் விழுது. (கொள்ளிடத்துத் தண்ணி இங்கே வராது. அது வேற கதை.) நல்ல தண்ணி குறைஞ்சா உப்பு ஏறும். இறாலும் கொடுவாயும் குஞ்சா இருந்து வளர்ற இடம் கெடும். பறவைக்கு மட்டுமில்லைங்க, வலை போடுறவங்களுக்கும் சோறு அதுதான்.

"நம்ம வயலுக்கே தண்ணி வரலை, உனக்குக் கொக்கு கேக்குதா?" இது எங்க அப்பா. கடைமடை விவசாயி, அவர் கோபம் நியாயம்தான். ஆனா நம்ம தண்ணியைப் பிடுங்கினது உள்ளான் இல்லையேப்பா! ஆத்துல நல்ல தண்ணி இறங்கலைன்னா உப்புத்தண்ணி மேலே ஏறும். அதுக்கு முதல் பலி நம்ம கடைமடைதான்.

கணக்கும் இருக்கு. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் பங்கு போட்ட 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போக 4. ரெண்டும் சேர்த்தே 2 சதவீதம் கிடையாது. 2018-ல் உச்ச நீதிமன்றம் நமக்கு பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. தரணும்னு சொன்னதே, அதுக்குள்ளேயும் அந்த 10 இருக்கு. 177.25-க்கு மறியல் பண்றோம், சரி. அந்த 10 எந்த ஆத்துல இறங்குச்சுன்னு கேட்டு ஒருத்தராவது கொடி பிடிச்சோமா? 'வீணா போச்சு'ன்னு மட்டும் நல்லா கத்துறோம்.

டிசம்பர் லீவுல அப்பாவையும் இழுத்துக்கிட்டு கோடியக்கரை போறேன். கிளாஸ் பசங்க யாராவது வர்றதா இருந்தா சொல்லுங்கப்பா. பைனாகுலர் ஒண்ணுதான் இருக்கு, அதுவும் ஓசி :)