இரண்டு நிலையங்கள் மட்டும் போதுமா?

2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரிக்கருகே கரையேறிய பெஞ்சல் புயல் விழுப்புரம் ஜில்லாவைப் படுத்திய பாட்டை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். திண்டிவனத்தையடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. டிசம்பர் 2-ந் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டவே, வண்டிகள் நிறுத்தப்பட்டன. சில காட்பாடி மார்க்கமாகத் திருப்பிவிடப்பட்டன. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட பெருவெள்ளத்தால் தென்பெண்ணை கரைபுரண்டு, விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூருக்கருகில் திருச்சி நெடுஞ்சாலையிலும் போக்குவரத்து நின்றது. சென்னைக்கும் தெற்கு ஜில்லாக்களுக்கும் இடையேயுள்ள முக்கியமான பாதை இவ்வாறு துண்டிக்கப்பட்டது.

மனிதரும் சரக்கும் செல்லும் பாதையைப் பற்றியே அப்பொழுது எல்லோரும் பேசினார்கள். கண்ணுக்குத் தெரியாத மற்றொரு போக்குவரத்தைப் பற்றி இன்று நாம் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

பட்டா, குடும்ப அட்டை, ஓய்வூதியம் முதலிய ஜனங்களின் கணக்குகள் இந்நாளில் தாலுகா ஆபீஸ் பீரோக்களில் மட்டும் இல்லை. அவை சர்வர் என்னும் இயந்திரங்களில் ஏறிவிட்டன. அந்தப் புயலுக்குப் பின் குடும்பம் ஒன்றுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் வழங்கப்பட்டதும் குடும்ப அட்டைக் கணக்கைக் கொண்டே. கணக்கு அழிந்தால் ஏழையின் உரிமைக்கு அத்தாட்சி ஏது? இதை உணர்ந்தே தமிழ்நாடு சர்க்கார் சென்னை பெருங்குடியில் மாநிலத் தரவு மையத்தையும், அதற்கு ஆபத்து நேர்ந்தால் உதவத் திருச்சியில் பேரிடர் மீட்பு மையத்தையும் எல்காட் நிறுவனத்தின் மூலம் அமைத்திருக்கிறது. இந்த ஏற்பாட்டை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆனால் இரண்டு நிலையங்களைக் கட்டிவிட்டதோடு காரியம் முடிந்துவிட்டதென்று எண்ணுவது தவறு. அவற்றை இணைக்கும் வழியும் பாதுகாப்பின் ஓர் அங்கமேயாகும்.

விஷயத்தைச் சற்று விளக்குவோம். ஒரு நிலையத்தில் எழுதப்படும் கணக்கை மறு நிலையத்திலும் எழுதிவைக்க இரு முறைகள் உண்டு. மறு நிலையம் 'எழுதிக்கொண்டேன்' என்று பதில் சொல்லும்வரை காத்திருப்பது முதல் முறை. இதில் ஒரு வரியும் இழப்பாகாது. ஆனால் கண்ணாடி இழைக்குள் ஒளி செல்லும் வேகம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். சென்னை-திருச்சி தூரமான சுமார் 320 கிலோமீட்டரைப் போய்த் திரும்ப ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்குக்குமேல் ஆகும். இது அற்பமாகத் தோன்றலாம். ஆயிரக்கணக்கான பதிவுகள் ஒவ்வொன்றும் இப்படிக் காத்து நின்றால் வேலை தேங்கிவிடும். ஆகையால் ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு, காத்திராமல் எழுதிவிட்டுப் பிரதியைப் பின்னால் அனுப்பும் இரண்டாவது முறையையே பெரும்பாலும் கையாளுகிறார்கள். இதில் விபத்து நேரும் தருணத்தில் வழியிலிருக்கும் பதிவுகள் போய்விடும். எத்தனை நிமிஷத்துக் கணக்கை இழக்கச் சம்மதம், எத்தனை மணி நேரத்துக்குள் சேவை மீள வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது சர்க்காரின் கடமை.

'அப்படியானால் பிரதி நிலையத்தை அருகிலேயே வைத்துக்கொள்ளலாமே' என்று சிலர் கேட்கக்கூடும். விழுப்புரத்துக் கணக்குக்குத் திண்டிவனத்தில் பிரதி வைப்பதாகக் கொள்வோம். இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான், வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் 2024-ல் இரண்டு ஊர்களையும் நனைத்தது ஒரே மழை. ஒரே வெள்ளத்தில் அகப்படும் இரண்டு பிரதிகள் ஒரு பிரதிக்கே சமானம். தூரம் வேண்டும், தூரம் வந்தால் வழியின் கவலையும் உடன்வரும்.

கேபிள்களைச் சாலையோரத்திலும் ரயில்பாதையோரத்திலும் புதைப்பதே வழக்கம். சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நேர் சாலையும் ரயில்பாதையும் திண்டிவனம், விழுப்புரம் வழியாகவே செல்கின்றன. இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு கேபிள்களை வாடகைக்கு எடுத்தாலும், இரண்டும் ஒரே பாலத்தைக் கடக்குமாயின் அவை இரண்டு வழிகளாகா. ரயிலுக்குக் காட்பாடி வழி உதவியதுபோல், கணக்குகளுக்கும் வேலூர், சேலம் வழியாக வேறொரு பாதை எப்பொழுதும் தயாராக இருத்தல் வேண்டும்.

வழி அறுந்தால் மற்றோர் அபாயமும் உண்டு. இரு நிலையங்களும் நலமாயிருக்க, இடைவழி மட்டும் அறுந்தால், மற்றது மாண்டதென்று கருதி இரண்டும் தலைமை ஏற்கக்கூடும். ஒரே நிலத்துக்கு இரண்டு கணக்குகள் தோன்றும். இதைத் தடுக்க மூன்றாவது இடத்தில் சாட்சியாக ஒரு சிறு சர்வர் வைக்கப்பட வேண்டும்; அதன் சம்மதமின்றி எந்த நிலையமும் தலைமை ஏற்கலாகாது. அன்றியும், தவறுதலாக அழிக்கப்பட்டது உடனே பிரதியிலும் அழிந்துவிடுமாகையால், தேதிவாரியாகத் தனிப் பிரதிகளையும் பூட்டிவைப்பது அவசியம்.

அலட்சியத்தின் விலையைத் தென் கொரியா கண்டது. 2025 செப்டம்பர் 26-ந் தேதி தேஜோன் நகரத்துச் சர்க்கார் தகவல் நிலையத்தில் தீப்பற்றி 709 அமைப்புகள் நின்றன. உத்தியோகஸ்தர்களின் பொதுச் சேமிப்பிலிருந்த 858 டெராபைட் தஸ்தாவேஜுகள் வெளிப்பிரதியின்றி அழிந்தன. விஞ்ஞானத்தில் முன்னேறிய தேசத்துக்கே இக்கதியென்றால் நாம் எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும்!

நமது சர்க்காரிடம் நாம் கோருவது மூன்று. கேபிள்கள் செல்லும் பாதைகளை வெள்ளப் படத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வருஷந்தோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு நாள் சென்னை நிலையத்தின் வேலையை முழுவதும் திருச்சிக்கு மாற்றி நடத்திச் சோதிக்க வேண்டும். அச்சோதனையின் முடிவைப் பொதுஜனங்களுக்கு வெளியிட வேண்டும். கணக்கு ஜனங்களுடையது, அது பத்திரமாயிருக்கிறதா என்று அறியும் உரிமையும் அவர்களுடையதே.