படம் வைக்க ஒரு பொட்டி

அப்பா இறந்து சரியாக ஒரு வருஷம் ஆன அன்று காலையில், என் போன் தானாகவே ஒரு வீடியோ செய்து காட்டியது. 'போன வருஷம் இதே நாள்' என்று தலைப்பு. பின்னணியில் துள்ளலாக ஒரு இசை. நடுவீட்டில் அப்பாவைக் கிடத்தியிருந்த படம், மாலைகள், அம்மாவின் முகம்... வரிசையாக ஓடியது. காபி டம்ளரோடு பக்கத்தில் நின்ற தங்கமணி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

யாரைத் திட்டுவது? ஏதோ ஒரு நாள் 'சரி' என்று அமுக்கியது நான்தானே.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். நான் கராச்சர்மாவுக்குக் குடிவந்த புதிதில் இங்கே இணையம் சாட்டிலைட் வழியாகத்தான். ஊருக்கு ஒரு படம் அனுப்புவதற்குள் சோறு வெந்துவிடும். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கி.மீ. கேபிள் வந்து சேர்ந்தது. போர்ட் பிளேரே (2024-லிருந்து ஸ்ரீ விஜய புரம், என் வாயில் இன்னும் வரவில்லை) கொண்டாடியது. நானும்தான். அதுவரை எங்கள் அந்தரங்கத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்த ஆமை வேகம்தான் என்பது பிறகுதான் உறைத்தது. கேபிள் வந்த கையோடு வீட்டுப் போன்கள் எல்லாம் சத்தமில்லாமல் எல்லாப் படத்தையும் மேலே ஏற்ற ஆரம்பித்தன. 2021 ஜூன் 1-லிருந்து கூகுள் போட்டோஸில் இலவச 15 ஜிபிக்கு மேல் காசு என்றானபோது, பாதிக் குடும்பங்களுக்கு இறக்கி வைக்க வேறு இடமே இல்லை.

சரி, வீட்டிலேயே ஒரு நாஸ் பொட்டி வாங்கிவிடலாம் என்று இறங்கினேன். இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு ரௌட்டரோடு இணைக்கிற சமாச்சாரம். ஆபீஸில் பொட்டி தட்டுகிறவனுக்கு இது ஜுஜுபி என்றுதான் நினைத்தேன்.

என் கட்சி இதுதான்: பொட்டி வீட்டுக்குள் இருப்பதால் மட்டும் அது நம் பொட்டி ஆகிவிடாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' வைத்திருந்தவர்கள் 2021 ஜூனில் ஒரு நாள் பார்த்தால், உள்ளே இருந்ததெல்லாம் காலி. யாரோ வெளியிலிருந்து இணையம் வழியாகத் துடைத்துவிட்டார்கள். அந்தப் பொட்டிக்குக் கம்பெனி கடைசியாக அப்டேட் கொடுத்தது 2015-ல். 2022 ஜனவரியில் க்யூநாப் பொட்டிகளுக்குள் 'டெட்போல்ட்' புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, சாவிக்கு 0.03 பிட்காயின் கேட்டது. இரண்டிலும் பொட்டி அவரவர் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. கதவுதான் தெருப்பக்கம் திறந்திருந்தது.

அதனால் கடையில் எத்தனை டெராபைட் என்று கேட்பதற்கு முன், 'கம்பெனியில் கணக்குத் தொடங்காமல் இது ஓடுமா?' என்று கேளுங்கள். முதல் நாளே ஈமெயில் கேட்டு அடம்பிடிக்கிற பொட்டி எனக்கு வேண்டாம். அடுத்தது, எத்தனை வருஷம் அப்டேட் வரும். பிராண்ட் பெயர் சொல்லமாட்டேன், ஏனென்றால் பெயரை நம்பி ஒன்றும் ஆகாது. நல்ல பெயர் எடுத்த சினாலஜியே 2025-ல் தன் புதிய பிளஸ் மாடல்களில் வேறு கம்பெனி டிஸ்க்குகளுக்குத் தடை போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அக்டோபரில் இறங்கி வந்தது.

வாங்கி வந்தவுடன் ரௌட்டரில் யுபிஎன்பி என்று ஒன்று இருக்கும், அதை அணைத்தேன். 'எங்கிருந்தும் பார்க்கலாம்' வசதியையும் அணைத்தேன். வெளியூரில் இருந்தால் வீட்டுப் படம் பார்க்க முடியாது. பரவாயில்லை, வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். நண்பர் ஒருவர் "அப்புறம் எதுக்குங்க இவ்வளவு காசு?" என்றார். இதற்காகத்தான் காசே.

ஆனால் எல்லாவற்றையும் இந்த ஒரே வீட்டில் வைக்கவும் மனசு வரவில்லை. 2004 டிசம்பர் 26-ல் வீட்டோடு ஆல்பமும் கடலில் போனவர்கள் இந்தத் தீவுகளில் இருக்கிறார்கள். பொட்டிக்குள் இரண்டு டிஸ்க் ஒரே படத்தை வைத்திருப்பது, ஒரு டிஸ்க் செத்தால் மட்டுமே உதவும். தண்ணீர் வந்தாலோ திருடன் வந்தாலோ இரண்டும் சேர்ந்தேதான் போகும். இங்கே மழைக்காலத்தில் தோல் செருப்பே பூஞ்சை பிடிக்கிறது, மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது (யுபிஎஸ் கட்டாயம், மறக்காதீர்கள்). அதனால் தனியாக இரண்டு டிஸ்க் வாங்கி, இரண்டையும் என்க்ரிப்ட் செய்தேன். ஒன்று பரமக்குடியில் அக்கா வீட்டு பீரோவில். ஒவ்வொரு முறை மெயின்லேண்ட் போகும்போதும் புதியதைக் கொடுத்துவிட்டு பழையதை எடுத்து வருகிறேன். பீரோவோடு யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் ஒன்றும் படிக்க முடியாது.

இவ்வளவையும் பெருமையாகத் தங்கமணியிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இந்தப் பொட்டியில நீங்க எல்லாத்தையும் பார்க்கலாமா?"

"ஆமா, நான்தானே அட்மின்."

"அப்போ கம்பெனிக்காரன்கிட்ட இருந்து எடுத்து உங்ககிட்ட கொடுக்கணுமா?"

திக்கென்றது. அவருடைய டாக்டர் ரிப்போர்ட்டுகள், அவர் அம்மாவோடு பேசிப் பதிந்த குரல்கள், தோழிகளின் கடிதங்கள். இருபது வருஷத் தாம்பத்யத்தில் நான் கேட்காமலே விட்டிருக்க வேண்டியவை. ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தாலும் அட்மினுக்குத் திறக்கும். 'பார்க்கமாட்டேன்' என்பது என் வாக்குறுதிதானே தவிர, பூட்டு இல்லை. கடைசியில் அவருடைய மடிக்கணினியில் வெராக்ரிப்ட் போட்டு, அங்கேயே பூட்டிய பிறகுதான் பொட்டிக்கு வருகிறமாதிரி செய்தோம். எனக்குத் தெரிவது பெரிய சைஸில் ஒரே ஒரு கோப்பு.

நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால் யாராலும் திறக்க முடியாமல் போய்விடக்கூடாதே என்று, பொட்டியின் பாஸ்வேர்டையும் அக்கா வீட்டு டிஸ்க்கின் பாஸ்வேர்டையும் காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு, பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து புரியவில்லை என்று தங்கமணி இரண்டு முறை திருப்பி எழுத வைத்தார். அவரும் தன் பூட்டுக்கு ஓர் உறை வைத்திருக்கிறாராம். எங்கே என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.