நாலு பேர், ஒரு நாற்காலி!



இந்த வாரம் ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க ஃபைலைத் திறந்து இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட்டை எடுங்க. 'சிறப்பாகப் பணிபுரிந்தார்'னு போட்டிருக்கா? சந்தோஷம். இப்போ மனசைத் தொட்டுச் சொல்லுங்க, அங்கே என்ன வேலை பார்த்தீங்க? முதல் நாள் போய் கையெழுத்து, கடைசி நாள் போய் சர்டிபிகேட்... அந்த ரகமா? இல்லை, ஜெராக்ஸ் எடுத்துட்டு, டீ வாங்கிக் கொடுத்துட்டு, மிச்ச நேரம் ஓரமா உட்கார்ந்து மொபைல் பார்த்த ரகமா?

சிரிக்காதீங்க. தப்பு உங்க மேல மட்டும் இல்லை. காலேஜ் ஒரு லெட்டரைக் கொடுத்துட்டு கழண்டுக்குது. கம்பெனி, 'சரி, வந்து உட்காரட்டும்'னு விட்டுடுது. ரெண்டுக்கும் நடுவுல நின்னு, 'இவன் அங்கே என்ன கத்துக்கறான்?'னு கேட்க ஒரு ஆள் இல்லை. அந்த நடு ஆள் மட்டும் ஒழுங்கா இருந்தா என்னவெல்லாம் நடக்கும்? அதைப் பார்க்க சிகாகோ வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம், வாங்க. டிக்கெட் செலவு நம்முது!

அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் பில்சன்னு ஒரு ஏரியா. மெக்ஸிகோவிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் நிறைய வாழ்ந்த இடம். அங்கே இருக்கிற ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு உயர்நிலைப் பள்ளி ஆரம்பிக்கணும்னு 1990-களில் இயேசு சபைப் பாதிரியார்கள் முடிவு செய்தார்கள். நம்ம ஊரில் சென்னை லயோலா, திருச்சி செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரிகளை நடத்துகிற அதே சபைதான்.

ஆசை சரி, காசு? அங்கே கத்தோலிக்கப் பள்ளின்னா தனியார் பள்ளி. நம்ம ஊர் எய்டட் ஸ்கூல் மாதிரி வாத்தியார் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்காது. ஃபீஸ் வாங்கித்தான் நடத்தணும். ஆனா, பிள்ளைகளின் அப்பா அம்மாவால் அந்த ஃபீஸைக் கட்ட முடியாது. என்ன பண்ணலாம்னு முழிச்சுக்கிட்டிருந்தப்போ ஒரு நிர்வாக ஆலோசகர் சொன்ன யோசனைதான் கதையின் திருப்பம். பசங்களையே வேலைக்கு அனுப்புங்க, அந்தச் சம்பளத்திலேயே பள்ளியை நடத்துங்க!

கேட்டவங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும்தானே? ஆனாலும் 1996-ல் பள்ளி திறந்தது. பெயர் கிறிஸ்டோ ரே. ஸ்பானிஷ் மொழியில் 'கிறிஸ்து அரசர்'னு அர்த்தம். முதல் தலைவர், பெரு நாட்டில் 30 வருஷத்துக்கு மேல் பணியாற்றிவிட்டுத் திரும்பிய ஜான் ஃபோலே என்கிற பாதிரியார்.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு வங்கியிலோ, வக்கீல் ஆபீஸிலோ, ஆஸ்பத்திரியிலோ ஆரம்பநிலை வேலை ஒன்று இருக்கு. ஃபைல் அடுக்கணும், ஸ்கேன் பண்ணணும், தபால் பிரிக்கணும், கம்ப்யூட்டரில் விவரம் ஏத்தணும். அந்த ஒரே நாற்காலியை நாலு மாணவர்கள் பங்கு போட்டுக்குவாங்க. வாரத்தில் நாலு நாள் ஆளுக்கு ஒரு நாள். மிச்சமிருக்கிற அஞ்சாவது நாளுக்கு முறை வைத்து ஒவ்வொரு வாரம் ஒருத்தர். ஆக, ஒரு மாணவனுக்கு மாசத்துக்கு அஞ்சு நாள் ஆபீஸ், மற்ற நாளெல்லாம் வகுப்பு. கம்பெனி கொடுக்கிற பணம் பையன் பாக்கெட்டுக்குப் போகாது. அவனோட ஃபீஸுக்குப் போகும். பாக்கிக்கு நன்கொடையும், குடும்பத்தால் முடிந்த சின்னத் தொகையும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. கம்பெனி தர்மம் பண்ணலை, வேலைக்குக் கூலி கொடுக்குது. அதனால் வேலை நடந்தே ஆகணும். 'பாவம், சின்னப் பையன்' டயலாக் எல்லாம் செல்லாது.

ஆனா பையன் நிஜமாவே சின்னப் பையன். வயசு 14! முதல் தடவையா டை கட்டிக்கிட்டு, உயரமான கட்டடத்தில் லிஃப்ட் ஏறிப்போய், முன்னே பின்னே தெரியாத ஒருத்தர்கிட்டே கை குலுக்கி நிற்கணும். நாம 14 வயசில் வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்களுக்கு வணக்கம் சொல்லவே கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்ச ஆளுங்க! அதனால்தான் வகுப்பு தொடங்குறதுக்கு முன்னாடியே கோடை விடுமுறையில் பயிற்சி. கண்ணைப் பார்த்துப் பேசுறது, போன் எடுத்துப் பேசுறது, ஃபைல் அடுக்குறது, புரியலைன்னா தயங்காமல் கேட்கிறது... எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்புவாங்க.

இங்கேதான் நம்ம ஹீரோ என்ட்ரி. பள்ளிக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்கிற ஒருங்கிணைப்பாளர். இவர் கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கி வேலை பிடிக்கணும். எந்தப் பொண்ணுக்கு எந்த இடம் ஒத்துவரும்னு பார்க்கணும். காலையில் பிள்ளைகள் ஆபீஸ் போய்ச் சேர்ந்தாங்களான்னு பார்க்கணும். மேலதிகாரி போடுற மார்க்கைப் படிச்சு, சரியில்லைன்னா ஏன்னு விசாரிக்கணும். 'இந்தப் பையன் வேணாம்'னு கம்பெனி சொல்லிட்டா, அவனைத் திட்டி வீட்டுக்கு அனுப்புறதில்லை. என்ன தப்புன்னு உட்கார்ந்து பேசி, மறுபடி பயிற்சி கொடுத்து, வேற இடம் தேடணும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் சொதப்பி, அதனால் அடுத்த வருஷம் கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலைன்னா போறது அவனோட இடம் மட்டுமில்லை. நாலு பேரோட ஃபீஸ்!

கம்பெனியைக் கேள்வி கேட்கிற பொறுப்பும் இவருக்கு உண்டு. அமெரிக்கச் சட்டப்படி 14, 15 வயசுப் பிள்ளைகள் பள்ளி நேரத்தில் வேலை பார்க்கக் கூடாது. இந்த மாதிரி படிப்போடு சேர்ந்த திட்டங்களுக்காகவே 2010-ல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை தனி விதி கொண்டுவந்தது. நாலு வாரத்தில் மூணு வாரம் பள்ளி நேரத்தில் ஒரு நாள்தான் வேலை. மீதி ஒரு வாரம் ரெண்டு நாள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 18 மணி நேரம், அதைத் தாண்டக் கூடாது. மாணவர், பெற்றோர், கம்பெனி, ஒருங்கிணைப்பாளர்னு நாலு தரப்பும் எழுத்தில் ஒப்பந்தம் போடணும். முக்கியமா, பொறுப்புக்கு ஒரு ஆசிரியரைப் பள்ளி நியமிச்சே ஆகணும். அவர் வேலை நடக்கிற இடத்துக்கே அவ்வப்போது போய், பிள்ளை பாதுகாப்பா இருக்கான்னு நேரில் பார்க்கணும்!

'எல்லாம் சரி, படிக்கிற பிள்ளையோட உழைப்பில் பள்ளி நடத்துறது நியாயமா?'ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். அரசாங்கமே நல்ல பள்ளி கொடுத்தா அந்தப் பையன் ஏன் ஃபைல் தூக்கணும்? இன்னொரு பலவீனமும் உண்டு. வேலை இருந்தாத்தான் வருமானம். 2020-ல் கொரோனா வந்து ஆபீஸெல்லாம் மூடினப்போ இப்படிப்பட்ட பள்ளிக்கு அடி விழுறது வயித்துல. ஆனாலும் சிகாகோவில் ஒண்ணா ஆரம்பிச்சது, இப்போ அமெரிக்கா முழுக்க சுமார் 40 பள்ளிகளா வளர்ந்து நிற்குது. இந்த முறையை அப்படியே காப்பி அடிக்கணும்னு நான் சொல்லலை. அந்த நடு ஆளை மட்டும் கடன் வாங்கிக்கலாம்னு சொல்றேன்.

சரி, நமக்கு அப்படி ஒரு ஆள் இல்லையே, என்ன செய்ய? கொஞ்ச நாளைக்கு நாமளே அந்த ஆளா இருந்துக்க வேண்டியதுதான். அடுத்த இன்டர்ன்ஷிப்புக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நாலே நாலு கேள்வி.

1. தினமும் எனக்கு என்ன வேலை? கம்பெனிகிட்டே கேட்டு எழுதி வாங்குங்க. மெயில்ல வந்தாலும் போதும்.

2. அங்கே எனக்குப் பொறுப்பு யாரு? பெயரோட ஒரு ஆள் வேணும். 'யாராச்சும் பார்த்துப்பாங்க'ன்னா யாருமே பார்க்க மாட்டாங்க.

3. காலேஜில் எனக்குப் பொறுப்பு யாரு? ஒரு தடவையாவது நேரில் வந்து பார்ப்பாரா? ஹெச்.ஓ.டி.கிட்டே பணிவா, ஆனா விடாமல் கேளுங்க.

4. என் வேலையில் என்ன குறைன்னு எனக்குச் சொல்வாங்களா? வாராவாரம் நீங்களே போய்க் கேளுங்க. பாராட்டு மட்டும் வந்தா, யாரும் உங்க வேலையைப் பார்க்கலைன்னு அர்த்தம்!

கேட்டா முறைப்பாங்களோன்னு பயமா? 14 வயசுப் பொண்ணு ஒருத்தி வக்கீல் ஆபீஸில் நின்னு, 'சார், புரியலை, இன்னொரு தடவை சொல்றீங்களா?'ன்னு கேட்கிறா. நமக்கு 20 வயசு பாஸ்!

இன்னொண்ணு. நீங்க உட்காரப் போற அந்த நாற்காலிக்கு அடுத்த வருஷம் உங்க ஜூனியர் வருவான். அவனைப் பார்த்ததும் கம்பெனி, 'ஓ, அந்தக் காலேஜா... வாப்பா'ன்னு சொல்லப் போகுதா, 'ஓ... அந்தக் காலேஜா?'ன்னு இழுக்கப் போகுதா? அது உங்க கையில இருக்கு.

அடுத்த வாரம் பார்க்கலாமா? பை!