விசுவாசம் குறைந்ததாலா நோய் தீரவில்லை?

நோயாளியைக் காண வருகிறவர்கள், சில வேளைகளில் பழங்களோடு ஒரு கேள்வியையும் கொண்டு வருகிறார்கள்: "விசுவாசத்தோடு ஜெபித்தீர்களா?" அன்பினால் கேட்கப்படுவதுதான். ஆயினும், அவர்கள் விடைபெற்றுச் சென்றபின் கட்டிலில் கிடப்பவர் இரவெல்லாம் தம்மைத் தாமே விசாரணை செய்துகொண்டிருக்கிறார். பரிசோதனை முடிவு சாதகமாக வராவிட்டால் தம் விசுவாசக் குறைவே காரணம் என்று கலங்குகிறார். மாத்திரை உண்பதே ஆண்டவரை நம்பாத செயல் என்றெண்ணி அதை நிறுத்திவிடுவோரும் உண்டு. இந்தக் கேள்வியை நாம் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. குற்றாலத்தில் சாரல் பொழியும் இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தெற்கே களக்காட்டுப் பகுதியில் உள்ளது டோனாவூர். 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகும்வரை அதுவும் நாமும் ஒரே நெல்லை மாவட்டத்தார். அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1901 முதல் அவ்வூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தாயாக இருந்தார். 1931 அக்டோபரில், களக்காட்டில் மருத்துவப் பணிக்கென எடுத்திருந்த வீட்டைப் பார்க்கச் சென்றவர், ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். அப்போது அவருக்கு வயது 63. 1951 ஜனவரியில் காலமாகும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே வலியோடும் உறக்கமின்மையோடும் அவர் வாழ்ந்தார்.

அவருக்காக ஜெபிப்பதற்கு டோனாவூரில் பிள்ளைகளுக்குக் குறைவா? இருந்தும் பழைய சுகம் திரும்பவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல எவர் துணிவார்?

நோயுற்றோருக்கென அவர் எழுதிய கடிதங்கள் 1933-இல் 'ரோஸ் ஃப்ரம் ப்ரையர்' என்னும் நூலாயின. சுகமாயிருப்பவர்கள் நோயாளிக்கு எழுதும் ஆறுதல் உரைகள் தம்மைத் தொடவில்லை என்று அதில் அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். வலி ஆறுவதற்கு முன்பே, படுக்கையிலிருந்தே அதை எழுதினார் என்பதால் அச்சொற்களுக்கு எடை கூடுகிறது. (சுகத்தோடு நடமாடிக்கொண்டு இதை எழுதும் எனக்கும் அந்தக் கண்டிப்பு பொருந்தும்.) அப்போஸ்தலனாகிய பவுலும் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, கிருபை கிடைத்தது.

விசுவாசத்தில் நிலைத்திருத்தல் என்பது பெரிய அற்புதங்களில் மட்டும் தெரிவதன்று. அடுத்த டயாலிசிஸுக்கு விடியற்காலைப் பேருந்தில் புறப்பட்டு வருகிறவரிடம் அது இருக்கிறது. துணைக்கு வந்து, வராந்தாவில் பாய் விரித்துப் படுத்து, ஜெபிக்கத் தொடங்கிய இரண்டாம் வரியிலேயே உறங்கிப்போகும் மகளிடமும் இருக்கிறது. அந்த உறக்கத்திற்காக அவள் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. களைப்பு அவிசுவாசம் அன்று. "ஏன் ஆண்டவரே?" என்று அழுவதும் அவிசுவாசம் அன்று, சங்கீதக்காரர்களே அப்படி அழுதிருக்கிறார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை உண்டுகொண்டே ஜெபிக்கலாம். நிறுத்த வேண்டுமா என்ற ஐயம் எழுந்தால் அதை மருத்துவரிடமே கேளுங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரும்போது, "நேற்று இரவு தூங்கினீர்களா?" என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேட்டபின், ஒரு மணி நேரம் நீங்கள் கட்டிலருகே அமர்ந்துகொண்டு, துணைக்கு இருப்பவரைக் குளித்துச் சாப்பிட்டுவர அனுப்புங்கள்.