எண்ணா? எழுத்தா?

பொருளியல் மாணவனாகிய எனக்கு ஓர் ஐயம். ஆய்வுக் கட்டுரையைப் படித்து மதிக்கிறோமா, இதழின் பெயரைப் பார்த்து மதிக்கிறோமா?

பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஜார்ஜ் அக்கர்லாஃப் எழுதிய கட்டுரையை மூன்று பெரிய இதழ்கள் ஏற்க மறுத்தன. 'அற்பப் பொருள்' என்றன இரண்டு. நான்காவது இதழில் 1970இல் வெளிவந்தது. அந்த ஆய்வுக்கே 2001இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது!

அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகள் 35இல், தரவரிசை உச்சியிலுள்ள ஐந்து இதழ்களில் எழுதியோருக்கே நிரந்தரப் பணி வாய்ப்பு மிகுதி என 2020இல் ஹெக்மனும் மோக்தானும் காட்டினர். இளம் ஆய்வாளர், 'எது தேவை?' என்பதைவிட 'எது அச்சேறும்?' என்றன்றோ எண்ணுவார்!

தரவரிசையும் மேற்கோள் எண்ணிக்கையும் அறவே வேண்டாம் என்பதல்ல என் வாதம். படி அரிசியை அளக்கும். சோற்றின் ருசியை அளக்குமா? நண்பர்களே, பட்டியலைப் பார்க்குமுன் கட்டுரையைப் படிப்போம்.