கலங்கல் வாய்க்காலை மூடுவதற்கு முன் ஒரு மனு எழுதுங்கள்

ஏரிக்கரைத் தெருக்களில் குடியிருக்கும் குடும்பத்தாருக்கும், சந்தைக் கடைக்காரர்களுக்கும், ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்களுக்கும், வாய்க்கால் ஓரத்துக் குடும்பங்களுக்கும்:

சென்ற வாரம் நாளிதழ் ஒன்றின் உள்பக்கத்தில், டியூஷன் விளம்பரத்துக்கும் வீடு வாடகை விளம்பரத்துக்கும் நடுவே ஒரு பொது அறிவிப்பு வந்திருந்தது. உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்தவர்களுக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. சில சர்வே எண்கள், 'திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு உபயோகத்திலிருந்து வணிக உபயோகத்துக்கு மாற்றம்' என்று ஒரு வரி, ஆட்சேபணை இருந்தால் குறித்த தேதிக்குள் எழுதித் தரலாம் என்று இன்னொரு வரி, அவ்வளவுதான். கிராமக் கணக்கில் அந்த எண்களைத் தேடிப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ஏரியின் கலங்கலில் தொடங்கி ரயில்வே பாலம் வரை ஓடும் நம் உபரிநீர் வாய்க்காலும், அதை ஒட்டிய தோப்புப் புறம்போக்கும்தான் அவை.

அந்த இடத்தில் நகராட்சி வணிக வளாகம் கட்டப்போகிறது. தரைக்குக் கீழே வாகன நிறுத்தம், மேலே கடைகள், அதற்கும் மேலே ஒரு மண்டபம். வாய்க்காலைக் கான்கிரீட் பெட்டியாக மூடி, அதன் மேல் சாலை போடுவார்களாம். மன்றத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. நிலப் பயன்பாடு மாறுவது மட்டும்தான் பாக்கி. அதற்கு ஆட்சேபணை தெரிவிக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அந்த இரண்டு வாரத்துக்குள் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மனுவாவது போக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

வாய்க்காலைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பத்து வருடத்துக்குள் குடிவந்தவர்களே இன்று பாதிப்பேர். ஐப்பசி, கார்த்திகை தவிர மற்ற மாதங்களில் பார்த்தால் அது குப்பையும் கருவேல முள்ளும் மண்டிய பள்ளம். 'இதையா காப்பாற்றப் போகிறீர்கள்?' என்று அவர்கள் கேட்பதில் தப்பில்லை. ஆனால் நம் ஏரி தனி ஏரி அல்ல. மேலே உள்ள ஏரி நிறைந்தால் அதன் கலங்கல் வழிந்து இங்கே வரும், இது நிறைந்தால் நம் கலங்கல் வழிந்து கீழ் ஏரிக்குப் போகும், கடைசியில் அடையாறு. இந்தச் சங்கிலியில் கரை உடையாமல் காப்பது கலங்கலும் அதன் கீழே ஓடும் வாய்க்காலும்தான். வருடத்தில் பத்து நாள் மட்டுமே அதில் தண்ணீர் ஓடலாம். அந்தப் பத்து நாளுக்காகத்தான் நம் முன்னோர் அவ்வளவு அகலமாக வெட்டி வைத்தார்கள்.

2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. கீழே முடிச்சூரும் வரதராஜபுரமும் என்ன ஆயின என்று ஊரே டிவியில் பார்த்தது. மொட்டை மாடியில் நின்றவர்களைப் படகில் வந்து மீட்டார்கள். நம் பகுதியில் படகு வரவில்லை, அதனால் செய்தியும் வரவில்லை. ஆனால் ரேஷன் கடைச் சுவரில், அரிசி மூட்டை அடுக்கும் மேடைக்கு ஒரு சாண் மேலே, அன்றைய தண்ணீர்க் கோடு இன்னும் தெரிகிறது. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. 2023-இல் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் மறுபடி மேடைவரை வந்து நின்றது. இரண்டு தடவையும் வாய்க்கால் திறந்துதான் இருந்தது. திறந்திருந்தபோதே இந்த நிலை.

உத்தேச வரைபடத்தை நகராட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பார்த்தோம். பக்கத்தில் வருவாய்த்துறையின் பழைய புலப்படத்தையும் வைத்துக்கொண்டோம். புலப்படத்தில் வாய்க்கால் இரண்டு கோடுகளாக வளைந்து வளைந்து போகிறது. தோப்பைத் தாண்டியதும் அகலம் கூடுகிறது, ஏனென்றால் மேற்கே உள்ள தாங்கலின் தண்ணீரும் அங்கேதான் வந்து சேர்கிறது. புது வரைபடத்தில் வளைவு எதுவும் இல்லை. அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போகிறது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே அகலம். தாங்கல் வாய்க்கால் அதில் எங்குமே இல்லை. அது வந்து சேர வேண்டிய இடத்தில் 'இருசக்கர வாகன நிறுத்தம்' என்று எழுதியிருக்கிறது. வரைந்தவர் மழைக்காலத்தில் இந்தப் பக்கம் வந்திருக்க வாய்ப்பில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. திறந்த வாய்க்காலில் ஆகாயத்தாமரையோ பழைய மெத்தையோ அடைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும். வார்டு மெம்பருக்குப் போன் போட்டால் மறுநாளாவது பொக்லைன் வந்து வாரிப்போடும். கான்கிரீட் பெட்டிக்குள் அடைத்துக்கொண்டால், தண்ணீர் நம் வீட்டு நடைக்கு வந்த பிறகுதான் தெரியும். அப்போது அதற்குள் யாரை இறக்குவார்கள்? உபரிநீர் வாய்க்காலுக்குப் பக்கத்தில் தரைக்குக் கீழே வாகன நிறுத்தம் கட்டும் யோசனையைப் பற்றி நாங்கள் தனியாக எதுவும் சொல்லவில்லை.

ஏரி இருந்த இடத்தில் கட்டடம் எழுப்புவது நம் மாநிலத்தில் புதிதல்ல. தியாகராய நகர் எழுந்தது மாம்பலத்து நெட்டேரியின் மேல். நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லிப் பல உத்தரவுகள் போட்ட உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில்தான் நிற்கிறது. 'எல்லா ஊரிலும் நடப்பதுதானே' என்று நம்மிடமும் சொல்வார்கள். அந்த ஊர்களில் மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

'நீங்கள் குடியிருப்பதும் அந்தக் காலத்து ஏரிப் பாசன வயல்தானே?' என்றும் கேட்பார்கள். ஆமாம், நம் மனைகள் ஆயக்கட்டு நிலத்தில் போடப்பட்டவைதான். அங்கீகாரம் கொடுத்தபோது மழைநீர் இந்த வாய்க்கால் வழியாகத்தான் வடியும் என்று காட்டி, அதே அலுவலகங்கள்தான் கையெழுத்துப் போட்டன. இன்று அந்த வழியை அடைத்தால், அன்று கொடுத்த அங்கீகாரத்துக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சந்தைக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வளாகம் வந்தால் வெயிலிலும் மழையிலும் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு நிற்கும் பாடு தீரும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம். உங்களுக்குக் கடை கட்டித் தர வேண்டும் என்றுதான் நாங்களும் சொல்கிறோம், மனுவிலும் அதை எழுதுகிறோம். நகராட்சிக்குச் சொந்தமான பழைய சந்தைத் திடல் மேட்டில் இருக்கிறது. எந்த மழைக்கும் அங்கே தண்ணீர் நின்றதாக யாரும் சொன்னதில்லை. பஸ் நிறுத்தமும் பக்கத்திலேயே. அங்கே கட்டினால் நிலப் பயன்பாட்டை மாற்றும் வேலையும் மிச்சம். வாய்க்கால் ஓரம் கட்டினால் ஒவ்வொரு ஐப்பசியிலும் சரக்கை மாடிக்குத் தூக்கும் வேலை உங்களுக்குத்தான். தீர்மானத்தில் தோப்பு எப்படி வந்தது, திடல் ஏன் வரவில்லை என்பதற்குக் கோப்பில் ஒரு வரிகூடக் காரணம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டிருக்கிறோம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆட்சேபணைக் கெடு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

வாய்க்கால் ஓரத்துக் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். 'ஏரியைக் காப்பாற்றுவோம்' என்று கிளம்பும் ஆட்கள் கடைசியில் உங்கள் குடிசையைத்தான் காலி பண்ண வைப்பார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. காரணம் இல்லாத பயமும் இல்லை. எங்கள் மனுவில் யாரையும் அப்புறப்படுத்தக் கேட்கவில்லை. இந்தத் திட்டம் வந்தால் முதலில் காலி செய்யச் சொல்வது உங்களைத்தான்; எங்கே குடியமர்த்துவார்கள் என்று திட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதையும் மனுவில் கேட்கிறோம். நீங்களும் உங்கள் பெயரில் எழுதுங்கள்.

'மனு எழுதி என்ன ஆகப்போகிறது?' என்பதுதான் தெருவில் நாங்கள் அதிகமாகக் கேட்ட கேள்வி. பெங்களூரில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கு என்று ஒதுக்கியிருந்த இடத்தை, 1976-இல் முதலமைச்சரின் உத்தரவின்படி ஒரு தனியார் அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். எதிர்த்தவர்கள் அந்தப் பகுதிக் குடியிருப்போர். மருத்துவமனையே கூடாதா என்று அவர்களைக் கேட்காத ஆள் இருந்திருக்க முடியாது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் வேண்டாம் என்பதுதான் அவர்கள் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1991-இல் குடியிருப்போர் பக்கம் தீர்ப்பானது. திறந்தவெளி பொதுமக்களுக்காக ஒதுக்கப்பட்டது, அதைத் தனியாருக்குத் தூக்கிக் கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை, அந்த இடத்தில் வாழ்கிறவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. பதினைந்து வருடம் பிடித்தது என்பதையும் மறைக்கவில்லை. நமக்கு அந்த நிலை வராமல் இருக்கத்தான் இப்போதே மனு எழுதச் சொல்கிறோம். இன்று கோப்பில் ஏறாத ஆட்சேபணையை நாளை எந்த மேசையில் போய்ச் சொன்னாலும் 'அப்போது ஏன் சொல்லவில்லை?' என்ற கேள்விதான் முதலில் வரும்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. ஏரிகளை அளந்து எல்லை குறித்து ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று 2007-இல் தமிழ்நாடே சட்டம் போட்டிருக்கிறது. குளம் குட்டைகள் ஊருக்குப் பொதுவான சொத்து, அவற்றை மனையாக மாற்ற முடியாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நகராட்சி, மாநகராட்சிகளில் பகுதி சபை நடத்தும் வழக்கமும் 2022 நவம்பர் முதல் தேதி தொடங்கியது. நம் வார்டில் அடுத்த பகுதி சபை எப்போது கூடினாலும், இந்தத் திட்டத்தை விவாதப் பொருளாக எடுக்கச் சொல்லி எழுத்தில் கேட்போம். வார்டு உறுப்பினரோடு சண்டைக்கு நிற்க வேண்டாம். 2015-இல் அவர் வீட்டிலும் முட்டளவு தண்ணீர்.

இனி மனு. ஐந்நூறு கையெழுத்து வாங்கி ஒரே மனுவாகக் கொடுத்தால் பதிவேட்டில் அது ஒரே ஒரு மனுவாகத்தான் ஏறும். எல்லோரும் ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் ஒன்றைப் படித்துவிட்டு மற்றதை மூடி வைத்துவிடுவார்கள். அதனால் வீட்டுக்கு ஒன்றாக, உங்கள் சொந்த வார்த்தையில், முடிந்தால் கையாலேயே எழுதுங்கள். நடை பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெயர், கதவு எண், தெரு. 2015-லும் 2023-லும் உங்கள் வீட்டில் தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது, என்ன போயிற்று. வாய்க்காலை மூட வேண்டாம், வளாகத்தைச் சந்தைத் திடலில் கட்டுங்கள், விசாரணை நடந்தால் என்னை நேரில் கூப்பிடுங்கள். இவ்வளவு போதும். 'ஃப்ரிட்ஜ் போயிற்று, அம்மாவின் இன்சுலின் வீணாயிற்று, கட்டிலின் மேல் கட்டில் போட்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தோம்' என்று எழுதும் ஒரு வீட்டுக்காரம்மாவின் மனு, நாங்கள் சட்டப் பிரிவுகளை அடுக்கி எழுதும் மனுவைவிட வலுவானது. தண்ணீர் எந்தக் கதவு வழியாக வந்தது என்பது பெண்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், அவர்கள் எழுதட்டும்.

வாடகைக்கு இருப்பவர்களும் எழுதலாம். முதல் மாடியில் இருப்பவர்களும் எழுதலாம். உங்கள் பைக் கீழேதான் நின்றது. யாரையும் திட்டி எழுத வேண்டாம், கட்சிப் பெயர் வேண்டாம், கமிஷன் யாருக்குப் போகிறது என்ற ஊகமும் வேண்டாம். மனுவை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு மற்றதை அறிவிப்பில் சொன்ன அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் பண்ணாமல் வெளியே வந்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆதார் நகல் இணைக்கத் தேவையில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முதல் ரேஷன் கடைக்கு எதிரே உள்ள வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். இரண்டு வரைபடங்களையும் பெரிதாக்கி ஒட்டி வைக்கிறோம். உங்கள் வீடு எங்கே, வாய்க்கால் எங்கே என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எழுத முடியாதவர்கள் சொன்னால் கல்லூரிப் பிள்ளைகள் எழுதி, வாசித்துக் காட்டி, அதன் பிறகு கையெழுத்து வாங்குவார்கள். 2015-இல் எடுத்த போட்டோ போனில் இருந்தால் ஒரு பிரதி போட்டுக்கொண்டு வாருங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லி அனுப்பினால் மேசையே அங்கே வரும்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருக்களின் குடியிருப்போர்