தெளிந்த தண்ணீரில் சாகும் மீன்கள்

மீன் தொட்டி கலங்கினால் நம்மவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: கொட்டிவிட்டுக் கழுவு. விடுமுறை நாளில் நெய்வேலி குவார்ட்டர்ஸ் வாசல்களில் இந்தச் சடங்கைப் பார்க்கலாம். மீன்கள் பிளாஸ்டிக் வாளியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். கூழாங்கல் முறத்தில் காயும். ஃபில்டர் பஞ்சைச் சோப்புப் போடாத குறையாகக் குழாயடியில் கசக்குவார்கள். மாலைக்குள் தொட்டி பளபளவென்று வரவேற்பறைக்குத் திரும்பிவிடும். நாலாம் நாள் தண்ணீர் மறுபடி கஞ்சித் தண்ணீர் போல வெளுக்கும். இரண்டு மீன் மிதக்கும். சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று அடுத்த வாரம் இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள்.

கலங்கல் என்றால் அழுக்கு, தெளிவு என்றால் சுத்தம்: இந்த நம்பிக்கைதான் அந்த மீன்களைக் கொன்றது. குடிநீர்ப் பானைக்கு இது சரி. தேற்றாங்கொட்டையால் நீரைத் தெளியவைக்கும் உத்தி கலித்தொகைக் காலத்திலேயே நமக்குத் தெரியும். ஆனால் பானைக்குள் யாரும் குடியிருந்து தின்று கழித்துக்கொண்டிருக்கவில்லை. தொட்டிக்குள் இருக்கிறார்கள். மீனைக் கொல்லும் அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமே கிடையாது. அடியில் கிடக்கும் பிளாஸ்டிக் புதையல் பெட்டியின் பூட்டு வரைக்கும் தெரிகிற தண்ணீரில் மீன் செவுள் வெந்து சாகலாம். பாசியால் பச்சையாகக் கலங்கிய தண்ணீரில் அதே மீன் கொழுத்து வளரலாம்.

கலங்கலும் ஒரே ரகமல்ல. பச்சை என்றால் ஜன்னல் வெயிலும் உரமும் சேர்ந்து வளர்த்த நுண்பாசி. தேநீர் நிறம் என்றால் அலங்காரக் கட்டையிலிருந்து இறங்கிய சாயம், அதனால் தீங்கில்லை. புது மணல் போட்ட அன்று வருவது வெறும் தூசி. நம் வீடுகளில் பெரும்பாலும் வருவது வெள்ளைக் கலங்கல். அது பாக்டீரியாப் பெருக்கம். மிச்சத் தீனியையும் கழிவையும் தின்று, ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும் கூட்டம் அது. பெருகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் தாங்குவதே ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான். நம் கோடையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான், பசியால் அல்ல. அதைப் பசி என்று நினைத்து இன்னொரு கிள்ளு தீனி போடுகிறோம்.

இந்தக் கூட்டத்துக்கு எதிரில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவு கெடுதலில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள். மண்ணில் இவை செய்யும் வேலையை 1890-இல் வினோகிராட்ஸ்கி உலகுக்குக் காட்டினார். தொட்டியில் அதே வேலையைச் செய்கிறவை தண்ணீரில் மிதப்பதில்லை. கூழாங்கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. நாம் 'அழுக்கு' என்று தேய்த்துப் போக்குவது இந்த வழவழப்பைத்தான். இரட்டிப்பாக ஒரு நாள் போல எடுக்கும் சோம்பேறிகள் இவை. புதுத் தொட்டியில் நிலைகொள்ள நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கசக்கி, வெயிலில் காயவைத்து அவற்றைக் கொன்றுவிட்டு, நாலே நாளில் தொட்டி ஏன் வெளுக்கிறது என்று கேட்பதில் என்ன நியாயம்? கழுவுகிற ஒவ்வொரு வாரமும் அது புதுத் தொட்டியாகிவிடுகிறது.

நிலக்கரிச் சுரங்க ஊரான நெய்வேலியில் இந்தப் பழக்கம் வேரூன்ற ஒரு காரணம், ஊரின் தாராளத் தண்ணீர். நிலக்கரிப் படுகைக்கு அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் நிலத்தடி நீர் முட்டிக்கொண்டிருக்கிறது. இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பெயராமல் நிற்கும். சென்னைக்காரர் லாரித் தண்ணீரைக் குடம் கணக்கில் எண்ணும்போது, டவுன்ஷிப்வாசி ஒரு தொட்டித் தண்ணீரை யோசிக்காமல் கொட்டலாம். சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிணறு கீழே போன கதை வேறு; அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

உண்மையான குற்றவாளி மீன் கூட்டம்தான். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டியில், கல்லும் மேல் இடைவெளியும் போக, 50 லிட்டர் தண்ணீர் நின்றால் அதிகம். அதில் ஆறு கோல்டு ஃபிஷ், நாலு ஏஞ்சல், ஒரு டஜன் மோலி, ஒரு சக்கர் மீன். அப்பா நைட் ஷிப்டு முடிந்து வந்து ஒரு கிள்ளு, பிள்ளை பள்ளிக்குக் கிளம்புமுன் ஒரு கிள்ளு, பாட்டி சீரியல் நேரத்தில் ஒரு கிள்ளு. ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது. ஒரு கிராம் தீனி ஏறத்தாழ 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனாகத் தண்ணீரில் இறங்கும். ஐம்பது லிட்டரில் அது லிட்டருக்கு 0.6 மில்லிகிராம், அதுவும் ஒரே நாளில்! தேறிய தொட்டியில் இந்த அளவு பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். தண்ணீரின் பிஎச் 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அந்த அம்மோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கு பத்து மடங்குக்கு அருகில் பெருகும். கூட்டத்தைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் மாற்றினால் இந்தக் கணக்கு மறுநாளே மறுபடி தொடங்கும்.

கடைக்காரரிடம் போனால் தெளிய வைக்கும் சொட்டு மருந்து தருவார். மிதக்கும் துகள்களை அது திரட்டும், தண்ணீர் தெளியும், அம்மோனியா இருந்த இடத்திலேயே இருக்கும். சிலர் படிகாரம் போடுகிறார்கள். அது நீரின் காரத்தன்மையைத் தின்று மீனை இன்னும் படுத்தும். 'டேங்க் கிளீனர்' என்று தலையில் கட்டப்படும் சக்கர், கண்ணாடிப் பாசியைச் சுரண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஓரடிக்கு மேல் வளரும் அந்த மீன் தின்றதையெல்லாம் எங்கே கழிக்கும்? கடைசியில் மீன் செத்தால், வீட்டுக்கு வந்த கெடுதலை அது வாங்கிக்கொண்டது என்கிறது வாஸ்து. கெடுதல் வந்தது உண்மைதான். குழாயடியிலிருந்து வந்தது.

"எங்கள் மாமா பத்து வருஷமாக வாராவாரம் கழுவுகிறார், மீன் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தொட்டியில் என்ன மீன் என்று பாருங்கள். பெரும்பாலும் ஃபைட்டரோ கௌராமியோ இருக்கும். மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் ஜாதி. மற்றவை செத்து, புதிது வாங்கி, மறுபடி செத்த கணக்கை மாமா வைத்திருக்க மாட்டார்.

தண்ணீரை மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. நைட்ரேட் வெளியேற அதுதான் வழி. மாற்றுவது வேறு, கழுவுவது வேறு. வாரம் ஒருமுறை கால் பங்கை அடிக்கல்லிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். உறிஞ்சிய அந்தப் பழைய தண்ணீரிலேயே பஞ்சை மெதுவாக அலசுங்கள், மிச்சத்தை முருங்கைக்கு ஊற்றலாம். வெளுத்துவிட்டால் இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்துங்கள். நல்ல மீன் அதற்குள் சாகாது. காற்றுக் குமிழியைக் கூட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். தின்னக் கிடைக்காத பாக்டீரியாக் கூட்டம் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் நம்மால் முடியாத காரியம் என்பது எனக்கும் தெரியும்.

பிறகு மீன் கூட்டத்தைக் குறையுங்கள். கோல்டு ஃபிஷ்ஷைப் பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள், அல்லது கடையிலேயே திருப்பிக் கேளுங்கள். சக்கர் மீனை மட்டும் 'புண்ணியம்' என்று ஏரியில் விட்டுவிடாதீர்கள். சுரங்கத் தண்ணீர் போய்ச் சேரும் வாலாஜா ஏரியானாலும் சரி, வீராணமானாலும் சரி, அங்கே அது பெருகினால் முள் துடுப்பால் வலையைக் கிழிக்கும், நாட்டு மீனின் இரையைப் பறிக்கும். பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தால் வாங்கவும் ஆளிருக்காது.